இன்றைய பேப்பரில் யாரும் இல்லை, மதினி

என் காதுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டிய பகவதி மதினிக்கு,

இன்று காலை உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து அண்ணனுக்குப் பேப்பர் வாசித்தேன். மலையாளப் பேப்பர்தான். நீங்கள் நம்ப மாட்டீர்கள். போகட்டும், முழுதாகக் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

அண்ணனுக்கு வலது கண்ணில் ஆபரேஷன் செய்து புரை எடுத்திருக்கிறார்கள். ஒரு வாரத்துக்குப் பேப்பர், டிவி, போன் எதுவும் பார்க்கக் கூடாதாம். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் மகள் பெங்களூரிலிருந்து வந்து நாலு நாள் இருந்துவிட்டு, அப்பாவின் போனை என்னிடம் கொடுத்து அணைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். கரமனை வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான்.

முதலில் ஊர்ச் செய்தி. தங்கம் இன்றும் ஏறியிருக்கிறது. முன்பெல்லாம் இந்தத் தலைப்பு வந்தால் தாலிச் சங்கிலியைத் தடவிக்கொண்டு, "செண்பகம், ஒரு ஜோலியும் செய்யாம நான் பணக்காரி ஆயிட்டு வாறேன், கேட்டியா" என்பீர்கள். சங்கிலி இப்போது உங்கள் மகளிடம் இருக்கிறது. தங்க விலையைப் பார்த்தால் எனக்கு உங்கள் கழுத்துதான் ஞாபகம் வருகிறது.

மழைக்கு ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். மஞ்சள் என்றால் துணி மாடியில், ஆரஞ்சு என்றால் வராந்தாவில், சிவப்பு என்றால் துவைக்கவே வேண்டாம் என்று நீங்கள் போட்ட சட்டத்தை நான் மாற்றவில்லை. இன்று வராந்தாவில்தான் காயப்போட்டேன். வெயில் கொளுத்தி எடுத்தது. வானிலைக்காரர்களை நீங்கள் திட்ட வேண்டிய திட்டை நானே திட்டிவிட்டேன்.

விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு இன்னொரு பெரிய கப்பல் வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் பாதி அந்தக் கப்பல்தான். அதே பக்கத்தின் அடியில், கடலுக்குப் போன ஒரு வள்ளம் கரை திரும்பவில்லை என்று நாலு வரி. "பெரிய கப்பல் வந்தா பெரிய எழுத்து, சின்ன வள்ளம் போனா சின்ன எழுத்து, அல்லே?" என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள். அன்று அந்தச் சின்ன எழுத்தை எனக்கு முழுதாக வாசித்தீர்களா, மதினி? இப்போது எனக்கு அதுவும் சந்தேகமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் இறந்தபிறகு, ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகன் கணேசனைக் கையில் பிடித்துக்கொண்டு வள்ளியூரிலிருந்து நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் இந்த ஊரிலேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். எனக்கு மலையாளப் பேச்சு சீக்கிரம் வந்துவிட்டது, அந்த எழுத்து வரவில்லை. கிழக்கேகோட்டை பஸ்ஸின் போர்டு மட்டும் படம் மாதிரித் தெரியும். அண்ணன் சாலைக் கடைத்தெருவில் இருந்த ஆணிக்கடைக்குக் கிளம்பியதும் நீங்கள் நாற்காலியில் உட்காருவீர்கள், நான் அரிவாள்மணையோடு தரையில் உட்காருவேன். நான் காய் நறுக்கி முடிப்பதற்குள் நீங்கள் உலகத்தைத் தமிழில் சொல்லி முடித்துவிடுவீர்கள்.

முதலில் சரமப் பக்கம். செத்தவர்களின் படம் வரிசை வரிசையாகப் போட்டு, வயது, வீடு, பிள்ளைகள், எத்தனை மணிக்கு எந்த மயானம் என்று எல்லாம் எழுதியிருக்கும் பக்கம். "நம்ம ஆளு யாராவது உண்டான்னு நோக்கட்டும்" என்று ஆரம்பிப்பீர்கள். இந்த ஊரில் அன்றைய நாள் எப்படிப் போகும் என்பதை அந்தப் பக்கம்தான் தீர்மானிக்கும். அதற்குப் பிறகுதான் மந்திரிகள், தெருநாய்கள், லாட்டரி எல்லாம்.

எனக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுங்கள் என்று இரண்டு மூன்று தடவை கேட்டேன். "உனக்கு எதுக்கு? அதுக்கு நான் இல்லியா?" என்பீர்கள். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அலமாரிச் சாவி மாதிரி இதையும் இடுப்பில் செருகி வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பாவத்தையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பிறகு நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். கடைசி வாரம் உங்கள் கண் மங்கிவிட்டது. "செண்பகம், பேப்பர் வாசி" என்றீர்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது மறந்துபோயிற்றா, இல்லை தெரிந்தேதான் கேட்டீர்களா? நான் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். தக்காளி விலை இறங்கியிருக்கிறது என்றேன். சாலைக் கடைத்தெருவில் ரோடு போடப் போகிறார்கள் என்றேன். நீங்கள் "ம், பின்னே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

கடைசியில், "சரமம் வாசி" என்றீர்கள்.

"இன்னைக்கு யாரும் இல்ல மதினி."

"அப்போ நல்ல பேப்பர்தான்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். என் மடியில் அந்தப் பக்கம் விரிந்து கிடந்தது, நாலு வரிசை முகம். அந்தப் பக்கம் ஒருநாளும் காலியாக வந்ததில்லை என்று உங்களைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

நாலாம் நாள் அந்தப் பக்கத்தில் நீங்கள் வந்தீர்கள். படத்தில் உங்களுக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. நான்தான் முதலில் பேப்பரை எடுத்தேன். உங்கள் முகத்துக்குக் கீழே சின்னதாக ஆறு வரி.

அதை அப்படியே வெட்டி என் பெட்டியில் வைத்துக்கொண்டேன். தினமும் மத்தியானம் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். என்ன எழுதியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்: உங்கள் பெயர், கரமனை, அண்ணன் பெயர், மகள் பெயர், மருமகன் பெயர். தெரிந்த பெயரை வைத்துத் தெரியாத எழுத்தைப் பிடித்தேன். சாம்பல் எடுக்கிற சடங்கை நாம் காடாற்று என்போம், அதைச் சஞ்சயனம் என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஒரு வாரம் ஆனது.

நான் தேடியது என் பெயரை, மதினி. எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கடைசி வரிவரை போனேன். அது இல்லை. அண்ணனிடம் கேட்டேன். "நாத்தனார் பேரெல்லாம் போடுற வழக்கம் இல்லம்மா" என்றார். அவர்மேல் தப்பில்லை. இருபத்தெட்டு வருஷம் ஒரே அடுப்பில் பொங்கினோம், ஆனால் அதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரி கிடையாது. அன்று நான் அழுதது நீங்கள் போன அன்று அழுததைவிட அதிகம்.

இருந்தாலும் எழுத்து வந்துவிட்டது. அதன்பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தேன். கடைப் பலகை, கரண்டு பில், வடை மடித்து வந்த தாள். போன மாசம், அம்மன் கோயில் பொங்காலைக்குப் பெரிய உருளியை எடுக்கப் பரணில் ஏறினேன். உருளிக்கு அடியில் ஒரு பழைய பேப்பரை விரித்திருந்தீர்கள். பழுப்பேறியிருந்தாலும் தலைப்பு தெளிவாக இருந்தது. கணேசன் வேலைக்குப் போயிருந்த அந்த அரபு ஊரில், வேலைக்காரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தீ. ஆள் சேதம். பெயர்கள் தெரியவில்லை.

தேதியைப் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் திதி அன்று வந்த பேப்பர். அந்த நாளை நான் எப்படி மறப்பேன்? கணேசன் போன் செய்யாத இரண்டு நாளில் முதல் நாள். நீங்கள் பேப்பரைப் பார்த்து, "அங்க பெரிய மழையாம், போன் டவர் எல்லாம் விழுந்து கிடக்காம்" என்று வாசித்தீர்கள். டிவியும் ஓடவில்லை. கேபிள்காரன் வரவில்லை என்றீர்கள். அன்றைக்குத்தான் பருப்பை அடிபிடிக்க விட்டீர்கள். நான் உங்களை என்ன கேட்டேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "என் புருஷன் திதின்னா உங்களுக்கு இளப்பம்தானே மதினி?" என்று கேட்டேன்.

"சாரமில்லை, போகட்டும், வேற பருப்பு வைக்கேன்" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள்.

பரணிலிருந்து இறங்கி நேராக அண்ணனிடம் போனேன். பேப்பரை அவர் முன்னால் விரித்தேன்.

"உங்களுக்கும் தெரியுமா அண்ணே?"

"தெரியும். சொல்லக் கூடாதுன்னுட்டா. டிவி வயரைப் புடுங்கி அரிசி டப்பாவுக்குள்ள போட்டது அவதான். கடைக்குப் பின்னால இருந்த பூத்துல நின்னு, ரெண்டு நாளும் அந்த ஊருக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தோம்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"பய செத்திருந்தா சொல்லித்தானே ஆகணும், சாகலேன்னா எதுக்குச் சொல்லணும்னு அவ கேட்டா."

மூன்றாம் நாள் கணேசன் கூப்பிட்டான். அவன் வேறு கட்டடத்தில் இருந்தான், ஒன்றும் ஆகவில்லை. ஆமாம் மழைதான் என்று அவனும் சொன்னான். அதையும் நீங்கள்தான் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். அன்று நான் போனை வைத்துவிட்டு உங்களோடு பேசாமல் படுக்கப் போனேன், பருப்புக் கோபத்தில்.

அந்தப் பேப்பரை ஒளித்து வைத்தீர்களா, இல்லை கைக்குக் கிடைத்த தாள் என்று விரித்தீர்களா? எனக்குத் தெரியவில்லை. உங்கள்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது, மதினி, மறைக்க மாட்டேன். அந்த இரண்டு நாள் என்னுடையது. என் பிள்ளைக்காக நான் பயந்திருக்க வேண்டிய பயத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு, என் வசவையும் சேர்த்து வாங்கிக்கொண்டீர்கள். கணேசன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். அந்த ஊர்ப் பெயர் தலைப்பில் வந்தால் முதலில் பார்ப்பது நான்தான். நடுவில் நிற்க நீங்கள் இல்லை.

இன்று காலைக்கு வருகிறேன். தங்கம், மழை, கப்பல் எல்லாம் வாசித்து முடித்தேன். அண்ணன் உங்களை மாதிரியே, "சரமம் வாசி. நம்ம ஆளு யாராவது உண்டா?" என்று கேட்டார்.

மூன்றாவது வரிசையில் தாணு அண்ணாச்சி. ஆணிக்கடையில் அண்ணனோடு ஒரே தராசுக்கு முன்னால் முப்பது வருஷம் நின்றவர். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் இளநீர் கொண்டுவந்தவர். பதினொரு மணிக்குத் தைக்காட்டு மயானம் என்று போட்டிருந்தது. அப்போது மணி எட்டரை.

கண்ணில் தூசி படக் கூடாது, அழவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அணைத்து வைத்த அவர் போன் என்னிடம் இருக்கிறது. வீட்டில் இப்போது வாசிக்க முடிகிறவள் நான் ஒருத்திதான். "இன்னைக்கு யாரும் இல்லண்ணே" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். நீங்கள் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். அவர் கண்ணும் பிழைத்திருக்கும். ஒரு வாரம் கழித்துத் தெரியவரும்போது அவர் எந்த முகத்தைப் போய்ப் பார்ப்பார்?

பரண் பேப்பர் கண்முன்னால் வந்தது. எழுத்துக் கூட்டி, மெதுவாக, உள்ளதை உள்ளபடி வாசித்தேன். பெயர், வயது, வீடு, மனைவி, மக்கள்.

அண்ணன், "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "வெள்ளை வேட்டி எடுத்து வை" என்றார்.

ஆட்டோவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். மயானத்தில் கறுப்புக் கண்ணாடியோடு தாணு அண்ணாச்சியின் கால்மாட்டில் நின்றார். காலைத் தொட்டார். கண்ணாடிக்குக் கீழே வழிந்ததை நான் என் முந்தானையால் ஒற்றி எடுத்தேன். கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டேன், டாக்டரிடம் நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

திரும்பி வரும்போது, "அவளா இருந்தா சொல்லியிருக்க மாட்டா" என்றார். அது உங்களைக் குறை சொன்னதா, என்னைக் குறை சொன்னதா? நான் கேட்கவில்லை. பிடித்த கையை அவர் வீடு வரும்வரை விடவில்லை.

குளித்துவிட்டு வந்து உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, இன்றைய பேப்பரை உங்களுக்கும் ஒருமுறை வாசித்தேன். சரமப் பக்கம் வந்தது. கை தானாக மடித்துவிட்டது. "இன்னைக்கு யாரும் இல்ல மதினி" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அங்கே உட்கார முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். தாணு அண்ணாச்சி அங்கே வந்து சேர்ந்திருந்தால் இளநீர் கேளுங்கள்.

நாளையிலிருந்து உங்களுக்கும் எல்லாப் பக்கத்தையும் வாசிப்பேன், ஒரு முகத்தையும் விட மாட்டேன். இன்னொன்று. சாயங்காலம் கணேசனிடம் போனில் சொல்லியிருக்கிறேன். என் படம் அந்தப் பக்கத்தில் வருகிற அன்றைக்கு, மகன் பெயருக்கு முன்னால், கரமனை பகவதியம்மாளின் நாத்தனார் என்று ஒரு வரி போட வேண்டும். அப்படிப் போடுகிற வழக்கம் இல்லை என்பார்கள். வழக்கம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போடு என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த ஒரு வரிக்காக எழுத்துப் படித்த உங்கள் நாத்தனார்,
செண்பகம்