பின்பக்கம் தெரிய ஒட்டிய படம்

அன்பு மகளே,

ஆண்டவர் தயவில் நானும் உன் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன், போனில் குரல் இளைத்துக் கேட்டதால் முழுசாக நம்பவில்லை. இதைப் போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நான் பழைய செபப் படங்களை வெட்டி ஒட்டிச் சட்டம் போடுவது உனக்குத் தெரியும். இந்தத் தடவை கோயிலில் பக்கப் பீடத்துக்கென்று பெரிதாக ஒன்று கேட்டார்கள். நடுவில் நீல வெல்வெட்டில் மாதா, சுற்றிலும் ஐம்பது அறுபது வருடத்துப் படங்கள், லேஸ் ஓரம் கிழிந்தவை, உதட்டில் ஒற்றி முத்தி செய்தே முகம் தேய்ந்தவை. நகம் வெட்டும் கத்தரியால் நறுக்கி, மைதாப் பசையில் ஒட்டி, ஓரமெல்லாம் தங்க நூல் சுற்றி மூன்று மாதம் உட்கார்ந்தேன். மாதா காலடியில், கன்னியர் மடத்தில் நீ கொடுத்த முதல் வார்த்தைப்பாட்டுக்கு அச்சடித்த படத்தை வைத்தேன். முன்பக்கத்து நல்ல மேய்ப்பன் உள்பக்கம் போக, உன் பெயரும் தேதியும் இருக்கிற பின்பக்கம் வெளியே தெரிய ஒட்டினேன். வேண்டுமென்றேதான்.

பீட அலங்காரத்துக்கு இப்போது உன் அத்தைதானே தலைவி, பார்த்ததும் முகம் சுண்டிப்போனது. மடத்தை விட்டு வந்தவ பேரு பீடத்துல எதுக்கு, நாலு பேரு என்ன பேசுவாங்க, எடுத்துடு என்றாள். முடியாது என்றேன். சரி, திருப்பியாவது ஒட்டு, மேய்ப்பன் தெரியட்டும், யாருக்கும் ஒண்ணும் தெரியாது என்று குரலைத் தாழ்த்தினாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என் மக ஏழு வருஷம் நோயாளிங்க துணி துவைச்சிருக்கா அண்ணி, யாரையும் ஏமாத்தல, எழுதிக் குடுத்து அனுமதி வாங்கிட்டுதான் வந்தா, அவ பேரு இருந்தா படம் இருக்கும், இல்லன்னா படமே கிடையாது என்றேன். பங்குச் சாமியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, கொஞ்ச நாள் போகட்டும்மா என்றார். எத்தனை நாள் சாமி என்றேன், மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாயே திறக்காத உன் அப்பா ஆட்டோவில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் ரெண்டு வார்த்தை சேத்தே கேட்டிருக்கலாம் என்றார். இப்போது அது முன்னறையில், கதவைத் திறந்தால் நேரே தெரிகிற சுவரில் இருக்கிறது. யார் வந்தாலும் உன் பெயரைப் படித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ பெட்டியோடு வந்து நின்ற அன்று அந்த வார்த்தைப்பாட்டுப் படத்தை என் செபப் புத்தகத்திலிருந்து உருவி, அலமாரியில் விரித்த காகிதத்துக்கு அடியில் திணித்தது உன் அத்தை இல்லை, நான்தான். நாலு மாதம் உன்னைப் பின்சந்து வழியாகவே போய்வரச் சொன்னதும் நான்தான். நீ ஏனென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் இன்னும் என்னை அறுக்கிறது. மன்னித்துவிடு, தாயே.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பார். சத்து மாத்திரையை விடாதே, வேலையில் லீவு எப்போது என்று எழுது. ஞாயிறு பூசை முடிகிற நேரம் பார்த்து வந்து கோயில் வாசலிலேயே இறங்கு, மறந்துவிடாதே. நான் அங்கே நிற்பேன், அத்தனை கூட்டத்துக்கும் நடுவில் உன் கையைப் பிடித்துப் பெரிய தெரு வழியாகவே வீட்டுக்குக் கூட்டி வருவேன்.

இப்படிக்கு,
உனக்காகச் சண்டை போடத் தாமதமாகக் கற்றுக்கொண்ட
அம்மா