இரண்டு பேருக்கும் ஒரே வயது

அக்கா,

உன் தகரப் பெட்டியைத் திறந்ததும் வசம்பு வாசனைதான் முதலில் எழுந்தது. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சாப்பிட வந்த தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். ஆளாளுக்கு உன்னைத் தங்கம் என்றார்கள். "இந்த லயத்துல பாதிப் புள்ளைங்க அவ கையில விழுந்ததுதான்" என்றாள் ஒருத்தி. "மிச்சப் பாதி அவ போட்ட சத்தத்துக்குப் பயந்து பொறந்தது" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அவர்கள் போன பிறகு என் மனைவி உன் பெட்டியை ஒழிக்க உட்கார்ந்தாள். பழைய சேலைகளுக்கு நடுவில் கந்தலில் சுற்றிய வசம்புத் துண்டு ஒன்று இருந்தது. அதை மூக்கருகே பிடித்தபடி, "நம்ம பையனுக்குச் சுட்டு ஒரசிக் குடுக்கணும்னு நான்தான் மதினிகிட்ட வாங்கி வைக்கச் சொன்னேன்" என்றாள்.

"எந்தப் பையன்?"

"நம்ம பையன்தாங்க. தங்காமப் போனானே."

"அது பொண்ணு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

"ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"அக்கா."

"எனக்கும் மதினிதான் சொன்னாங்க. ஆம்பளப் புள்ளன்னு."

பதினான்கு வருடம் ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு பிள்ளையை நினைத்து அழுதிருக்கிறோம். ஒருவர் அழுவது மற்றவருக்குத் தெரியாது. அப்படி ஏற்பாடு செய்தவள் நீ.

அந்தப் பகல் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அவளுக்கு ஐந்தாம் மாதம். வயிற்றுவலி என்று தோட்டத்து ஆபீசுக்கு ஆள் வந்தது. துரை கொழும்புக்குப் புறப்பட இருந்தார். அவருடைய கடிதங்களை நான் எழுதி முடிக்க வேண்டும். போகட்டுமா என்று கேட்டேன். துரை வாய் திறப்பதற்குள் பெரிய கங்காணி முந்திக்கொண்டு, "பொம்பளைங்க காரியத்துல ஒனக்கு என்ன வேல?" என்றார். அதன் பிறகு அந்த மனிதரோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் செத்ததற்கும் போகவில்லை.

மழையில் ஓடி வந்தபோது நீ மலையிலிருந்து பீலியில் விழும் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தாய். நகத்தில் மண் இருந்தது.

"முடிஞ்சிருச்சு தம்பி. மலையில கொண்டுபோய் வச்சுட்டு வந்துட்டேன்."

"எனக்குக் காட்டாமயா?"

"நீ பாத்து என்ன செய்யப் போற?"

"என்ன புள்ளக்கா?"

நீ நிமிரவில்லை. "பொட்டப் புள்ள. மனசப் போட்டு ஒழப்பிக்காத. அவகிட்டயும் இதப் பத்திப் பேசாத. பேசிக்கிட்டே இருந்தா அடுத்தது தங்காது."

மயக்கம் தெளிந்த பிறகு அவளிடமும் இதையே சொல்லியிருக்கிறாய், பிள்ளையை மட்டும் மாற்றி. நாங்கள் பேசவில்லை. அடுத்தது ஒன்று உண்டாகவே இல்லை.

நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று இப்போது புரிகிறது. பையனைப் பதுளை டவுனுக்கு அனுப்பிப் படிக்க வைப்பேன் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவளுக்குப் பெண் பிள்ளைமேல் ஆசை. ஆசைப்பட்டது போகவில்லை, மற்றதுதான் போயிற்று என்று ஆளுக்கொரு ஆறுதல் கொடுத்தாய். பெண் என்றால் எனக்கு வலி குறையும் என்று உனக்கு யார் சொன்னது? என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மலையேறியவள் பெண்ணில்லையா? உன்னை நான் என்றைக்காவது குறைவாக எடைபோட்டேனா?

குறையவில்லை, அக்கா. என் மகள் என் மனதில் வளர்ந்தாள். கொழுந்துக்கூடையின் கயிறு அவள் தலையில் ஏறக் கூடாது என்று எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். சென்ற வருடம் லயத்தில் அவள் வயதுப் பெண்களுக்குச் சடங்கு வைத்தார்கள். ஒன்றுக்கும் நான் போகவில்லை. நாலு எழுத்துப் படித்த திமிர் என்றார்கள். நீயும்தான் சொன்னாய்.

என் மனைவி ஒவ்வொரு தீபாவளிக்கும் லயத்தில் யாராவது ஒரு பையனுக்குச் சட்டை வாங்கிக் கொடுப்பாள். ஏதோ தர்மம் என்று இருந்துவிட்டேன். வருடா வருடம் சட்டையின் அளவு பெரிதாகிக்கொண்டே வந்தது ஏன் என்று பெட்டியைத் திறந்த அன்றுதான் தெரிந்தது.

எது உண்மை? யாரைக் கேட்பது? பிள்ளை விழுந்த அன்று உனக்குத் துணையாக இருந்த கிழவி திருச்சிப் பக்கம் கப்பலேறிப் போய், அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். வயிற்றில் ஐந்தே மாதம் இருந்த பிள்ளை. ஒருவேளை உனக்கே சரியாகத் தெரியவில்லையோ? தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் என்ன? அந்த ஒரு வார்த்தையை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சுமந்திருப்போமே. நீ பெட்டியை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

போன வாரம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் பதுளைக்குப் போனேன். சட்டை எடுக்கச் சொன்னாள். அவள் கேட்காமலே ஒரு தாவணியும் எடுத்தேன். துணிக்கடை முஸ்லிம் நானா அளவு பார்க்க வயது கேட்டார்.

"பதினாலு."

"இது மகளுக்கு. மகனுக்கு எத்தன வயசு?"

"ரெண்டு பேருக்கும் ஒரே வயசு."

"ரெட்டப் புள்ளையா?" முகமெல்லாம் சிரிப்பாக அவர் காகிதத்தில் சுற்றினார். "அல்லாஹ் ரெண்டுக்கும் ஆயுசக் குடுக்கட்டும்."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் அவள் இரண்டையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். நீவிவிட்டாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவள விட இவன் கொஞ்சம் ஒசரமா இருப்பானோ?" என்றாள்.

"அவ என்னை மாதிரி. விட்டுக் குடுக்க மாட்டா" என்றேன்.

சிரித்தாள். பிறகு சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். இந்த முறை நான் பக்கத்தில் இருந்தேன்.

வசம்பை நான் எறியவில்லை. என் சட்டைப் பையில்தான் கிடக்கிறது. உன் திதிக்குச் சோறு வைப்பேன், விளக்கேற்றுவேன், தம்பி செய்ய வேண்டிய எதையும் குறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பாயில் உட்கார்ந்து நாங்கள் பேசிய இரண்டு வார்த்தையைப் பதினான்கு வருடத்துக்கு முன்பே பேசியிருக்கலாம், அக்கா. அந்தக் கோபம் என்னோடுதான் வரும்.