வெட்டி எடுத்த நாலு நிமிடம்

எண்ணூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தங்கச்சி இஷ்ரத்துக்கு, சிவந்தி அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசி என்னை அடக்கிவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதி, மகள் ஷாலுவிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கூப்பிடு.

ஜெர்மனியில் உனக்கு விருது கொடுத்த செய்தி வந்த பேப்பரை எடுத்துக்கொண்டு உன் அம்மா ஜீனத் தண்டையார்பேட்டையிலிருந்து ஆட்டோவில் வந்தார்கள். இரவல் கேமராவோடு நண்டு விற்கிற பெண்களைத் தேடி நீ வந்த நாள் ஞாபகம் வந்தது. அந்த முதல் படத்தை ராயபுரத்தில் போட்டபோது பார்த்தது ஒன்பது பேர். அதில் நாலு பேர் எங்கள் வீட்டு ஆட்கள். லாரி டிரைவர்களைப் பற்றி எடுத்ததை யாரும் வாங்கவில்லை. கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தாய். எங்கள் ஆறு கெட்டுப்போனதைப் பற்றிய இந்த மூன்றாவது படத்துக்காக நாலு வருஷம் எங்கள் ஆற்றுச் சேற்றில் நின்றாய். அதில் நாலு நிமிடத்தை நான் கேட்டேன் என்று வெட்டி எடுத்துவிட்டாய். அதுதான் படத்தின் உயிர் என்று உன் கூட்டாளிகள் சண்டை போட்டும் நீ கேட்கவில்லை.

மழை நாட்களில், தான் வேலை பார்க்கும் கம்பெனியின் கழிவுத் தண்ணீர் வால்வை, சூப்பர்வைசர் சொல்லித் தானே ஆற்றில் திறந்துவிட்டதாக என் வீட்டுக்காரர் மாசானம் அந்த நாலு நிமிடத்தில் சொல்லியிருந்தார். வேலை போய்விடும் என்று பயந்தேன். என் தம்பி கோதண்டம் அதே ஆற்றில்தான் வலை போடுகிறான். அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

போன மாதம் இங்கே சமூகக் கூடத்தில் உன் படத்தைப் போட்டார்கள். கம்பெனிக் கழிவு ஆற்றில் கலப்பதைப் பார்த்தவர்களிடையே, படம் முடிந்ததும், வால்வைத் திறந்தது யார் என்று பேச்சு எழுந்தது. கம்பெனி வாட்ச்மேன் மண்ணாங்கட்டி மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். ஒருவன் அவர் சட்டையையே பிடித்துவிட்டான். பின்வரிசையில் இருந்த என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். “அவர வுடுப்பா. நான்தான் தொறந்தேன். ஒரு தபா இல்ல, ஆறு வருசமா,” என்றார்.

கோதண்டம் அவர் எதிரில் வந்து நின்றான். “இன்னா மாமா, என் வூட்ல குந்திகினு துன்னும்போதுலாம் இது தெரிஞ்சுகினுதான் துன்னியா?” என்று கேட்டான்.

இவர், “ஆமாண்டா,” என்றார்.

மறுநாளே இவரைக் கம்பெனி கேட்டிலேயே நிறுத்தி, வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வழக்கு போடுவோம் என்றும் மிரட்டுகிறார்கள். மண்ணாங்கட்டி தினமும் வந்து இவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகிறார். வேலை போன கவலை இருந்தாலும் இவர் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார். கோதண்டம் மட்டும் இந்தப் பக்கம் வருவதில்லை. நேற்று அவன் மனைவி வந்து அவன் பிடித்த எறா மீன் கொஞ்சம் கொடுத்துவிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல் போய்விட்டாள்.

டிவிக்காகப் படத்தைத் திரும்பவும் சரிசெய்கிறாயாமே, உன் அம்மா சொன்னார்கள். அந்த நாலு நிமிடத்தைச் சேர்த்துவிடு. முகத்தை மறைக்க வேண்டாம், பெயரையும் மாற்ற வேண்டாம் என்று இவர் சொல்கிறார். எனக்குப் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு வெட்டு என்றதும் ஏன் என்று கேட்காமல் வெட்டினாய். இன்றைக்குச் சேர் என்கிறேன், ஏன் என்று கேட்காமல் சேர்த்துவிடு. உன்னால்தான் எங்களுக்கு இப்படி ஆயிற்று என்று மட்டும் நினைக்காதே. வால்வைத் திறந்தது உன் கேமரா இல்லை.

உன் அல்லாவும் எங்கள் வடிவுடையம்மனும் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். இன்னும் நிறையப் படம் எடு. ஊருக்கு வந்ததும் நேராக இங்கே வராதே. முதலில் கோதண்டம் வீட்டுக்குப் போ. நீ கூப்பிட்டால் அவன் உன் பேச்சைத் தட்ட மாட்டான். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட வாருங்கள்.

உன் அக்கா,
சிவந்தி