ஆறு கண்ணாடிக் குழாய்களுக்குக் கதிர் பாய்ச்ச வேண்டாம்

அனுப்புநர்:
லிட்டியா ரவோவோ,
ஆய்வக உதவியாளர், இயற்பியல் துறை,
சுவா, ஃபிஜி.

பெறுநர்:
தலைமை அதிகாரி,
பூச்சி, நோய்த் தடுப்புச் சோதனைப் பிரிவு,
விமானச் சரக்கு நிலையம், பிரிஸ்பேன்.

பொருள்: வியாழன் காலை ஏழு மணிக்கு எங்கள் பெட்டிக்குக் காமா கதிர் பாய்ச்சுவதை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. எங்கள் பெட்டியில் வண்டு இருந்தது உண்மை. தவறு எங்களுடையது. பொதிபஞ்சு தீர்ந்துபோனதால் பண்டகக் காப்பாளர் செமி தம் வீட்டுத் தாழம்பாயை வெட்டிப் பொருளைச் சுற்றினார். வண்டு அந்தப் பாயோடு வந்ததுதான். "கடல் தாண்டிப் போற பொருளைப் பாய்ல சுத்தாம மொட்டையா அனுப்புறதா?" என்றார். நானும் தடுக்கவில்லை.

2. பாய்க்குள் இருப்பவை, வாயை உருக்கி மூடிய ஆறு கண்ணாடிக் குழாய்கள். அவற்றில் துத்தநாக ஆக்சைடு படிகங்கள் உள்ளன. குறையற்ற படிகம் காந்தத்தன்மை காட்டாது. காற்றில்லா உலையில் சுட்டு, அதிலிருந்து ஆக்சிஜன் அணுக்கள் சிலவற்றை வெளியேற்றினோம். அவை விட்டுச்சென்ற காலி இடங்களால்தான் மெல்லிய காந்தத்தன்மை வந்தது என்கிறோம். இடுக்கியிலிருந்து ஒட்டிய இரும்புத் தூசிதான் காரணம் என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர் ஏளனம் செய்கிறார்கள். வெள்ளியன்று உங்கள் ஊரில் நடக்கவுள்ள அளவீடுதான் இதைத் தீர்க்கும். அதற்கான கருவி மறுபடி எங்களுக்கு எப்போது கிடைக்கும் என்று தெரியாது.

3. காமா கதிர் வண்டைக் கொல்லும். படிகத்திலும் புதிய குறைகளை உண்டாக்கக்கூடும். பிறகு எது நாங்கள் செய்தது, எது கதிர் செய்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

4. நேற்று நான்கு முறை தொலைபேசினேன். தங்கள் அலுவலர் ஒருவர், "குறையுள்ள படிகம்னு படிவத்துல நீங்களேதானம்மா எழுதியிருக்கீங்க! கெட்டது இன்னும் என்ன கெடப்போகுது?" என்று சிரித்தார். அம்மையீர், அந்தக் குறையைச் சரியாகச் செய்ய எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. எனக்கு வந்த ஆத்திரத்தை மனுவில் எழுதுவது முறையல்ல.

5. மூடிய குழாய்க்குள் எந்தப் பூச்சியும் நுழையாது. குழாய்களை எடுத்து எரிசாராயத்தால் துடைத்துவிட்டு, பெட்டியையும் பாயையும் எரித்துவிடக் கோருகிறேன்.

6. அந்தப் பாய், மகளின் திருமணத்துக்கென்று செமியின் மனைவி வசிதி ஐந்து மாதமாக முடைந்தது. அவரைக் கேட்காமல் செமி வெட்டியிருக்கிறார். இன்று காலை வசிதி ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். கணவரை அவர் திட்டியதை இங்கே எழுத இயலாது. ஆனால் விவரம் முழுவதையும் கேட்டபின் என்னிடம் பேனா வாங்கினார். "பாயை எரிச்சுத் தொலைக்கட்டும். அந்தக் கல்லு நல்லபடியா போய்ச் சேரணும், ஆமா! இல்லேன்னா என் பாய் எதுக்குப் போச்சு?"

பாயை எரிக்க அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை இணைத்துள்ளேன். வியாழன் ஏழு மணிக்குள் ஒரு வரி பதில் தாருங்கள். வசிதி இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. தொலைபேசிக்கு அருகில் உட்கார்ந்திருக்கிறார்.

இடம்: சுவா
நாள்: 12.03.2019

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
லிட்டியா ரவோவோ

இணைப்பு: திருமதி வசிதியின் சம்மதக் கடிதம்