மரப்பெட்டி இருந்த இடம்

பிக்கட்டி,
24 நவம்பர் 2024

அன்பு மகள் ஷண்முகப்ரியாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளை கதிரும் அந்தக் குளிரில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் போடுகிறார் என்று நினைப்பாய். எழுத வேண்டிய இடத்தில் எழுதாமல் விட்ட ஒன்றை வாயால் சொல்லித் தீர்க்க முடியாது, அதனால்தான்.

போன மாதம் நீ சொன்னதை அம்மா என்னிடம் சொன்னாள். லாப்ரடார் கரையில், உங்கள் ஊர் விரிகுடாவில், ஏழு குளிர்காலமாகப் பனிக்கட்டியின் கனத்தை அளக்கிறாய். முதல் வருடம் ஒரு மீட்டர் துளைத்தால்தான் தண்ணீர் தெரிந்ததாம். போன குளிர்காலத்தில் முப்பது சென்டிமீட்டர். பக்கத்து வீட்டுக்காரர், அவருடைய அப்பா நாய்வண்டி ஓட்டிய அதே வழியில் போனவர், பனிக்கட்டி உடைந்து வண்டியோடு கடலுக்குள் போய்விட்டார். எழுபது வருடப் பதிவும் ஒரே பக்கமாகச் சாய்கிறது, இதைப் பார்த்த பிறகு பிள்ளை பெற்றுக்கொள்ள எங்களுக்கு மனசு வரவில்லை என்றாயாம்.

அம்மா அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. “ஏனுங்க, எங்கியோ கடலு உறையலீன்னா, என்ற மக எதுக்குங்க புள்ள பெத்துக்காம இருக்கோணும்?” என்று என்னிடம் கேட்டாள். அந்தப் பயம் உன்னை முதலில் பிடித்தது கடலில் அல்ல, என் பதிவேட்டில் என்பது எனக்குத் தெரியும்.

1979 முதல் ரிட்டையர் ஆகும்வரை தேயிலை எஸ்டேட் ஆபீஸில் தினமும் காலை ஆறரைக்கு வெப்பமானி பார்த்து எழுதியவன் நான். எம்.எஸ்ஸி. படிக்கும்போது அந்தப் பதிவேடுகளை வாங்கிப்போய், கோடு வரைந்து, சாப்பாட்டு மேசையில் விரித்துக் காட்டினாய். 1996-க்குப் பிறகு கோடு சட்டென்று மேலே ஏறியது. நம்ம பள்ளத்துல உறைபனி செத்துட்டிருக்குப்பா என்றாய். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

1996 டிசம்பரில் காட்டெருமை ஒன்று ஆபீஸுக்குக் கீழே பள்ளத்தில் வெப்பமானி வைத்திருந்த மரப்பெட்டியை முட்டி உடைத்துவிட்டது. சரிசெய்த பெட்டியைத் தற்காலிகமாக ஆபீஸுக்குப் பின்னால், ஃபேக்டரிச் சுவரை ஒட்டி வைத்தேன். இலை உலர்த்தும் சூடு அந்தச் சுவரில் எப்போதும் இருக்கும். பள்ளத்துக்குத் திரும்பக் கொண்டுபோகவே இல்லை. விடிகாலையில் வழுக்குப் புல்லில் இறங்கி ஏற வேண்டாம் என்ற சோம்பல்தான், வேறு காரணமில்லை. ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் இடம் மாறியதை எழுதவும் இல்லை. நீ கோடு வரைந்த அன்றாவது சொல்லியிருக்க வேண்டும். மகள் முன்னால் வெட்கம்.

உங்கள் கடல் உறையாததற்கு என் சோம்பல் காரணமில்லை, அது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு இடத்தில் கோடு பொய் என்றால், உன் மனசில் ஒரு இடமாவது லேசாகும் அல்லவா? இன்னொரு பெட்டி செய்து, நாளை மறுநாள் அதைப் பழைய இடத்திலேயே வைக்கிறேன். சுவரோரப் பெட்டியை இப்போதைய கிளார்க் அருண்பிரசாத் பார்க்கிறான். பள்ளத்தை நான் பார்க்கிறேன். பிப்ரவரி முடிய இரண்டையும் ஒப்பிட்டு எழுதுகிறேன். அதுவரை முடிவு எதுவும் எடுக்காதீர்கள்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். “செவுத்தோரமா நின்னு குளுரு பாத்துப்போட்டு, புள்ளயப் பயமுறுத்தி வெச்சிருக்கறீங்களே” என்று திட்டினாள். திட்டிக்கொண்டே சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். கடைசி வரியை மறக்காமல் எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறாள்.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைச் செல்வத்தோடு நீண்ட காலம் நலமாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா
ஆறுக்குட்டி


பிக்கட்டி,
2 மார்ச் 2025

அன்பு மகள் ஷண்முகப்ரியாவுக்கு,

உன் பதில் கடிதம் பொங்கல் கழிந்து வந்தது. அங்கே தப்பு இருந்தால் முதலில் சந்தோஷப்படுவது நான்தான் அப்பா, பிப்ரவரி வரை காத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தாய். அம்மா அதை நான்கு முறை வாசிக்கச் சொன்னாள்.

டிசம்பர் ஒன்று முதல் பிப்ரவரி இருபத்தெட்டு வரை, தொண்ணூறு நாளும் பள்ளத்தில் இறங்கினேன். ஒரு நாளும் விடவில்லை. “ரிட்டையர் ஆயும் உங்களுக்கு லீவு கெடைக்கலீங்களா சார்?” என்று அருண்பிரசாத் மேலே நின்று கத்துவான். கரடி வந்த அன்று மட்டும் அவனே துணைக்கு வந்தான்.

சுவரோரம் பள்ளத்தைவிடச் சராசரியாக 1.1 டிகிரி கூடுதல். அதுதான் என் பிழை. நீ வரைந்த கோட்டை அருண்பிரசாத் போன வருடம்வரை நீட்டித் தந்தான். மொத்த ஏற்றம் 2.6. இருபத்தெட்டு வருடக் கணக்கிலும் என் பிழையைக் கழித்துப் பார்த்தேன். 1.5 நிற்கிறது. இரண்டு தடவை போட்டேன், அவனையும் போடச் சொன்னேன். பாதிக்கும் குறைவுதான் என் பிழை. மீதி பிழையில்லை.

ஒரு குளிர்காலத்தை வைத்து எதுவும் சொல்லக் கூடாது என்பாய். அதனால் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பெட்டியை நகர்த்துவதற்கு முன், அதே பள்ளத்தில் ஒரு குளிர்காலத்துக்குச் சராசரியாக முப்பத்தொரு நாள் உறைபனியில் புல் வெளுத்திருந்தது. இந்த முறை ஐந்து நாள். அதில் ஒன்று பிப்ரவரி இருபதாம் தேதி, யாரும் எதிர்பார்க்காத நாள்.

அந்த நாளால் நர்சரி போய்விட்டது. முன்பெல்லாம் நவம்பரிலேயே பெரணித் தழை வெட்டி நாற்றுகளை மூடுவார்கள், உனக்கு நினைவிருக்கும். இப்போதெல்லாம் உறைபனி எங்கே விழுகிறது, இந்த வருடம் வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மேஸ்திரி தெய்வம்மா அதைக் கேட்காமல் தன் நான்கு பாத்தியை மட்டும் மூடினாள். ஜனவரியில் காலமில்லாத மழை வந்து, தழைக்குள் புழுங்கி, பூசணம் பிடித்து அவை அழுகின. மூடாத பாத்திகள் இருபதாம் தேதி கருகின. “மூடுனதும் போச்சு, மூடாததும் போச்சு. இனி எதப் பாத்து வெவசாயம் பண்றது, கிளார்க் ஐயா?” என்று தெய்வம்மா என்னைக் கேட்டாள். நாற்பது வருடமாக நான் வெப்பமானி பார்த்ததால் எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

இந்தக் குளிர்காலத்தில் உங்கள் விரிகுடா உறையாததால் மோட்டார் படகு ஓடுவது நிற்கவேயில்லை என்று போனில் சொன்னாய். அளவுப் புத்தகத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் கட்டத்தை வெறுமையாக விட்டிருப்பதாகச் சொன்னாய். அப்படி விடாதே கண்ணு. பனிக்கட்டி இல்லை என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போடு. வெறும் கட்டத்தை வைத்து மனிதர்கள் என்னென்னவோ நம்பிக்கொள்வார்கள். நான் மூன்று மாதம் நம்பினேன்.

1996-ஆம் வருடப் பதிவேட்டை வாங்கி, ‘குறிப்பு’ கட்டத்தில் பெட்டி இடம் மாறியதை இன்றைய தேதியிட்டு எழுதிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. உன் கணக்கைத் திருத்திக்கொள். திருத்தினாலும் நீ பயந்தது சரி என்றுதான் வரும்.

பிள்ளை விஷயத்தில் இனி நான் எதுவும் கேட்க மாட்டேன். முடிந்தால் மே மாதம் இருவரும் ஒரு நடை வந்து போங்கள். வந்து சும்மா இருந்தால் போதும்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு பெட்டிக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பது வரை சொன்னேன், அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. நர்சரி போனதை மேனேஜர் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போது சமையலறையிலிருந்தே, “ஏனுங்க, கடேசி வரிய எழுதிட்டீங்களா?” என்று கேட்கிறாள். எழுதிவிட்டேன் என்று சொன்னேன்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட காலம் நலமாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா
ஆறுக்குட்டி