தலைவர் மேசையில் இருந்த மணி

நேற்று உன் மகன் கடியப்பட்டணத்திலிருந்து வந்திருந்தான். துணிப்பைக்குள் கையை விட்டு ஒரு பித்தளைக் கைமணியை எடுத்து என் முன்னால் வைத்தான். "அப்பா ஒங்ககிட்ட குடுக்கச் சொல்லியிருந்தாவ, மாமா." பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நம் கல்லூரி மாணவர் சங்கத் தலைவரின் மேசையில் இருந்த மணி. புதியது வாங்கியபோது பழையதை உனக்கே கொடுத்துவிட்டார்கள். நீ போன துக்கம் இன்னும் ஆறவில்லை, அதற்குள் பழைய எரிச்சல் வயிற்றில் கிளம்பிவிட்டது. அந்த மணி எனக்கு வரவேண்டியது.

நம் ஊரெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். நான் பூதப்பாண்டியில் வரப்பில் நின்று நெற்பயிருக்குச் சொற்பொழிவு ஆற்றியே பழகியவன். மேடைத்தமிழ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நீ வாய் திறந்தால் பாதி மலையாளம், அதுவும் ராகம் போட்டு. தலைவர் தேர்தலுக்கு நின்றது நாம் இருவர்தான். நான் தொண்டை கட்டும்வரை பேசினேன். நீ எழுந்து, "எனக்குப் பேசத் தெரியாது. நீங்க பேசுங்க, நான் கேக்கேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாய். ஜெயித்தது நீ. என் அறைத் தோழனே உனக்குத்தான் ஓட்டுப் போட்டான். அதை என்னிடமே சொல்லவும் செய்தான்.

அதுவரை சங்கக் கூட்டம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். இனித் தமிழில் மட்டுமே நடக்க வேண்டும் என்று நான் தீர்மானம் கொண்டுவந்தேன். மலையாள மாணவர்கள் மொத்தமாக எழுந்து வெளியே கிளம்பினார்கள். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். இப்போது நீ மணியை அடி அடியென்று அடிப்பாய், ஒருவனும் கேட்கமாட்டான், நாற்காலி என் பக்கம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

நீ மணியைத் தொடவே இல்லை. மேடையை விட்டு இறங்கி வாசலில் போய் நின்றாய். "மனசுல உள்ளதைச் சொல்லிட்டுப் போங்க. மலையாளத்துலயே சொல்லுங்க." அவர்கள் மலையாளத்தில் பேசினார்கள், நீ தமிழில் பதில் சொன்னாய். புரியவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் அவரவர் மொழியில் பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. எல்லாரும் உன்னைச் சுற்றிக்கொண்டு சாயா குடிக்கப் போனார்கள். தீர்மானம் கொண்டுவந்த நான் தனியாக நின்றேன்.

நீ மட்டும் திரும்பி வந்தாய். "ஏலே மக்கா, கோவமா? கரமடி இழுக்கதைப் பாத்திருக்கியா?"

கடலில் வளைத்துப் போட்ட வலையை இரு முனையிலும் கயிறு பிடித்துக் கரைக்கு இழுப்பார்களே, அதைப் பார்க்காதவன் யார்?

"ஒரு பக்கம் மட்டும் விறுவிறுன்னு இழுத்தா மடி கோணிப் போவும். மீனெல்லாம் போயிரும். எங்கப்பா கயித்தைத் தொடமாட்டாரு. வேகமா இழுக்கவன்கிட்ட 'மெதுவா'ம்பாரு, அம்புட்டுதான்."

"நான்தான் வேகமா இழுக்கவனா?"

"பின்ன நானா?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வருஷம் முழுக்க ஒவ்வொரு கூட்டத்திலும் உன்னைச் சீண்டவே நீட்டி முழக்கினேன். நேரம் தாண்டினால் தலைவர் மணி அடிக்கலாம். தாண்டுகிறவன் நான் ஒருவன்தான், எனக்கு நீ ஒருமுறைகூட அடித்ததில்லை. என் பேச்சுக்கு நீ தருகிற மரியாதை என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இப்போது நான் எங்கள் ஊர்க் குளத்துப் பாசனச் சங்கத்துக்குத் தலைவர். தண்ணீருக்காக மேல்வயல்காரரும் கீழ்வயல்காரரும் முட்டிக்கொண்டால், எகிறுகிறவரிடம் "மெதுவா" என்கிறேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவரை முதலில் பேச விடுகிறேன். "ஒங்கள மாதிரி பொறுமையான தலைவர் உண்டுமா!" என்கிறார்கள். என் முகத்துக்கு நேரே உன்னைப் புகழ்கிறார்கள், பாவம், அவர்களுக்குத் தெரியாது. எனக்கு எரியாதா?

நேற்று அந்த மணியை ஆசையோடு எடுத்து ஆட்டினேன். சத்தமே இல்லை. கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே நாக்கைக் காணோம்.

"தலைவரான அன்னைக்கே அப்பா கழத்திட்டாவளாம்" என்றான் உன் மகன். "'நாக்கு கெடந்தா கை அங்கயே போவும்'ன்னு சொல்லுவாவ."

வருஷம் முழுக்க, அத்தனை பேர் முன்னால், வெறும் மணியை வைத்துக்கொண்டா உட்கார்ந்திருந்தாய்?

வெள்ளிக்கிழமை பாசனச் சங்கக் கூட்டம். இதை என் மேசையில் வைக்கப்போகிறேன். வேகமாக இழுக்கிறவன் அல்லவா, என் கை நிச்சயம் அங்கே போகும், போகட்டும். உன் 'மெதுவா' என்னிடம் இருக்கிறது, மணியும் வந்துவிட்டது. இனி யாரைப் பார்த்து நான் வயிறெரிவேன், மக்கா?