உன் கையெழுத்தில் என் கதை

என் அன்புத் திம்மராயா,

நீ போய் இது நாலாவது பங்குனி. இல்லாதவனுக்குக் கடிதம் எழுதுவது பைத்தியக்காரத்தனம் என்று என் மனைவி சொல்கிறாள். இருந்தபோது பேச வேண்டியதைப் பேசாமல் வாயை மூடிக்கொண்டு நின்றவனுக்கு வேறு என்ன வழி இருக்கிறது, சொல்?

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூர் படிப்பகத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நான் இப்போது இங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். இலக்கியம் என்றால் என் தலையில்தான் கட்டுகிறார்கள். தலைப்பு, 'சிறுகதையின் உத்திகள்'. வந்தவர்களில் பாதிப் பேர் ரேடியோவில் செய்தி கேட்க வந்தவர்கள். உவமை, உருவகம், முரண் எல்லாம் தடையில்லாமல் ஓடின. அடுத்து 'கதைசொல்லி' என்ற சொல்லுக்கு வந்தேன். "கதைக்குள் 'நான்' என்று பேசுகிறவர் வேறு, அதை எழுதுகிறவர் வேறு" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றேன், வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டேன்.

இதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று அலுத்துக்கொள்ளாதே. உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள்.

நம் ஊர் பேரிகையில் நாம் இருவரும் நடத்தியது ஒரு கையெழுத்துப் பத்திரிகை. மாதம் ஒரே ஒரு பிரதி. அது வீடு வீடாகப் போகும். கடைசியில் விட்டிருக்கும் வெற்றுத் தாள்களில் படித்தவர்கள் அபிப்பிராயம் எழுதுவார்கள். எண்ணெய்க் கறையும் மஞ்சள் கறையுமாக நம்மிடம் திரும்பி வரும். எழுதுவது நான். என் கோழிக் கிறுக்கலை யாராலும் படிக்க முடியாது என்பதால் நகல் எடுப்பது நீ. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினாலும் உன் எழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும்.

நீங்கள் தலைமுறை தலைமுறையாக என் மாமாவின் நிலத்தில் வேலை செய்தவர்கள். நான் அந்த மாமா வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன், அவர் மகளைக் கட்டிக்கொள்ள இருந்தவன். நீ வீட்டுக்குள் வரக்கூடாது என்பதால் மாட்டுக் கொட்டகையில் கவிழ்த்த கூடையின் மேல் பலகை போட்டு எழுதினாய். நான் உன்னை 'நீ' என்றேன், நீ என்னை 'நீங்க' என்றாய். இதைத்தான் சிநேகிதம் என்று சேலத்துக் கல்லூரியில் பெருமையடித்துக்கொண்டேன்.

அந்தக் கல்லூரியில் பொறுக்கிக்கொண்டு, மாதம் ஒருமுறை ஊருக்கு வரும்போது கொண்டு வந்த சொற்களை ஒவ்வொன்றாகப் பத்திரிகையில் விளக்கினேன். முரண் பற்றி எழுதிய மாதம் ஞாபகம் இருக்கிறதா? எதிர்பார்ப்பது ஒன்று, நடப்பது நேர்மாறாக இன்னொன்று என்று அரைப் பக்கத்துக்கு நீட்டியிருந்தேன். நீ பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டாய்.

"உங்க கெணத்தை வெட்டுனது எங்க தாத்தாங்க. அதுல எங்க அம்மா குடம் எறக்கக்கூடாதுங்க. இது முரண்ல வருமா, இல்ல வேற பேரு இருக்குதுங்களா?"

நான் சிரித்தேன். நல்ல உதாரணம் என்று பாராட்டிவிட்டு, மாமா படிப்பார் என்பதால் அதைச் சேர்க்காமல் விட்டேன்.

அந்த வருஷம் அறுப்பு முடிந்ததும் மாமாவின் கேழ்வரகுத் தட்டை அடுக்கிய போர் பட்டப்பகலில் எரிந்தது. யாருக்கும் காயமில்லை. காரணம் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் கை பரபரத்தது. நிலத்தில் வேலை செய்யும் ஒருவன், அவமானம் தாங்காமல் முதலாளியின் போருக்குத் தீ வைப்பதாக ஒரு கதை எழுதினேன். தொலைவில் நின்று 'அவன்' என்று சொன்னால் சூடு ஏறாது, அவனே பேச வேண்டும் என்று அப்போதுதான் படித்திருந்தேன். ஆகவே 'நான்' என்று ஆரம்பித்தேன். கதைக்கு உயிர் வருவது சின்னச் சின்ன விவரங்களால்தான் என்றும் படித்திருந்தேன். ஆகவே மாமாவின் நொண்டிக் காளையை அப்படியே உள்ளே கொண்டுவந்தேன். ராத்திரி ஆட்களெல்லாம் போன பிறகு அதன் கொம்புக்கு அவர் விளக்கெண்ணெய் தடவுவதைக்கூட விடவில்லை. ஏர் பிடித்தறியாத நான், புனைபெயராக 'உழவன்' என்று போட்டுக்கொண்டேன்.

நகல் எடுக்கும்போது நீ சொன்னாய், "இந்த நொண்டி மாடு வேணாங்க. யாரு வூட்டு மாடுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

"தெரியட்டுமே, அதுதான் நம்பகத்தன்மை" என்றேன்.

"அப்ப நம்பிருவாங்க" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாய்.

நம்பிவிட்டார்கள். நம் ஊரில் 'நான்' என்று பேசும் காகிதம் இரண்டே வகை. ஒன்று கிரயப் பத்திரம், இன்னொன்று வாக்குமூலம். கதை என்ற மூன்றாவது வகையை அவர்கள் கண்டதில்லை. எழுத்து யாருடையதோ பேச்சும் அவனுடையது. பத்திரிகையை நான்தான் நடத்துகிறேன் என்று தெரிந்தவர்கள்கூட, இந்த ஒரு கதையை நீ நடுவில் நுழைத்துவிட்டாய் என்றார்கள். 'உழவன்' வேறு யாராக இருக்க முடியும் என்று கேட்டார்கள். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், திம்மராயா, போன வாரம் வரைக்கும்.

கோயில் மைதானத்தில் ஊர் கூடியது. கணக்குப்பிள்ளை கதையைத் தமிழில் படித்தார். பிறகு தெலுங்குக்காரர்களுக்காகத் தெலுங்கில் சொன்னார், கன்னடக்காரர்களுக்காகக் கன்னடத்தில் சொன்னார். மூன்று பாஷையிலும் நீ தீ வைத்தாய். மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது யாரு கையெழுத்துடா?"

"என்னோடதுங்க" என்றாய்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். நான் மாமாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். 'கதை என்னுடையது' என்று சொல்லியிருந்தால் போதும். இரண்டே வார்த்தை. நான் என்ன செய்தேன்? பிரசங்கம் செய்தேன். "மாமா, கதையில் வரும் நான் என்பது எழுதியவரைக் குறிக்காது. அதற்குக் கதைசொல்லி என்று பெயர். அது ஓர் உத்தி" என்றேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாமா திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ சும்மாயிரு சீனு" என்றார். நான் சும்மா இருந்தேன். சோறு போகும், பெண் போகும் என்ற பயம் எனக்கு. பொய் சொல்லவில்லை என்ற திருப்திகூட இருந்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு சௌகரியமாக ஒளிந்துகொண்டேன்!

நீ ஏன் என் பெயரைச் சொல்லவில்லை? சொன்னாலும் எடுபடாது என்று தெரிந்துதானா? இல்லை, நானே சொல்வேன் என்று காத்திருந்தாயா? இந்தக் கேள்வியோடு நாலு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

உன்னை ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். அன்றைக்கே போனாய். கிருஷ்ணகிரி போகும் வழியில் கல் உடைக்கப் போயிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஆறு மாதத்தில் பாறை சரிந்து நீ போய்விட்டாய் என்று சேதி வந்தது. அதற்குள் எனக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. உன்னைப் பார்க்க நான் ஒருமுறைகூட வரவில்லை. பஸ் இருந்தது, பொழுதும் இருந்தது.

படிப்பகத்தில் வாயடைத்துப் போன மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பேரிகைக்குப் பஸ் ஏறினேன். மாமாவிடம் நேராகச் சொன்னேன், "அந்தக் கதையை எழுதினது நான்."

அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும்டா" என்றார். "ராத்திரியில மாட்டுக் கொம்புக்கு நான் எண்ணெய் போடறது எங்க வூட்டுக்குள்ள இருக்கறவனுக்குத்தானே தெரியும்? அன்னைக்கே தெரியும்."

அடுத்ததைக் கேட்டேன், "போருக்குத் தீ வைத்தது?"

"நம்ம வண்டிக்காரன் பீடி. அதுவும் தெரியும். அதை விடு. அந்தப் பய கெணறு வேணும்னு தெருக்காரங்க பேர்ல கலெக்டருக்கு மனு எழுதியிருந்தான். அதுக்காக ஒருத்தனைத் தொரத்த முடியுமா? நாலு பேரு ஒத்துக்கற மாதிரி ஒரு காரணம் வேணுமில்ல. நீ எழுதிக் குடுத்த." பிறகு ஆதரவாகச் சொன்னார், "போய்ச் சாப்பிடு. வெயில்ல வந்திருக்க."

ஊர்க்காரர்களுக்குக் கதை படிக்கத் தெரியவில்லை என்று இத்தனை நாள் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எது நிஜம், எது கற்பனை, எழுதியவன் யார், நகல் எடுத்தவன் யார் என்று ஒன்றுவிடாமல் தெரிந்திருக்கிறது. ஊரில் ஒழுங்காகப் படித்த வாசகர் அவர் ஒருவர்தான். தெரியாமல் போனது எனக்குத்தான். நீ ஒரு மனு எழுதினாய் என்பதே எனக்குத் தெரியாது. இரண்டு வருஷம் என் எதிரில் உட்கார்ந்து எழுதிய உன்னிடம், 'நீ ஏதாவது எழுதியிருக்கிறாயா' என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

சாப்பிடவில்லை. உங்கள் தெருவுக்குப் போனேன், முதல் தடவையாக. உன் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், மறைப்பானேன். அவர்கள் அழவில்லை.

"இப்ப சொல்லி என்னாங்க சாமி ஆவும்?" என்றார்கள்.

உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியிலிருந்து மடித்த தாளை எடுத்து வந்தார்கள். "எனக்கு எழுத்து தெரியாதுங்க. அவன் கை பட்டதுன்னு வெச்சிருக்கறேன்" என்றார்கள். அது உன் மனுவின் நகல்.

படித்தேன், திம்மராயா. ஒரு உவமை இல்லை. உருவகம் இல்லை. 'எங்கள் தெருவில் நாற்பது வீடு. கிணறு இல்லை. ஓடைத் தண்ணீர் தை மாதம் வரை இருக்கும். பிறகு பெண்கள் பெரிய வீட்டுக் கிணற்றடியில் குடத்தோடு நிற்கிறார்கள். யாராவது இறைத்து ஊற்றினால் உண்டு. ஊற்றாத நாள் திரும்பி வருகிறார்கள்.' அவ்வளவுதான். 'நாங்கள்' என்று ஆரம்பித்து, கடைசி வரி வரை 'நாங்கள்' என்றே போகிறது. நான் சேலத்தில் படித்ததையெல்லாம் ஒரு பக்கம் வைத்து, இதை மறு பக்கம் வைத்தால், எது எழுத்து என்று கேட்க வேண்டியதே இல்லை. நம் பத்திரிகையில் எழுத்தாளன் ஒருவன் இருந்தான். அவனை நகல் எடுக்க வைத்துக் கொன்றேன்.

இங்கே சேதி ஒன்றும் நல்லதாக இல்லை. ஓசூர் மைசூர் ராஜ்யத்தோடு போகுமா, நம்மோடு இருக்குமா என்று பேசிக்கொண்டிருந்தார்களே, நம்மோடுதான் என்று ஆகிவிட்டது. உன் தெருவுக்கு அதனால் ஒரு குடம் தண்ணீர்கூடக் கூடவில்லை. கிணறு இன்றுவரை வெட்டவில்லை. உன் மனு ஏதோ ஒரு காகிதக் கட்டுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். உன் அம்மா நேற்றும் எங்கள் கிணற்றடியில்தான் நின்றிருப்பார்கள்.

உன் மனுவை வாங்கி வந்திருக்கிறேன். ஒரு எழுத்து மாற்றாமல், மெதுவாக, படிக்கிற மாதிரி நகல் எடுத்து, எழுதியவன் என்று உன் பெயரையும் அனுப்புகிறவன் என்று என் பெயரையும் போட்டுக் கலெக்டருக்கு அனுப்புவேன். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புவேன். மாமா இனி என்னை வாசல் ஏற விடமாட்டார் என்று என் மனைவி அழுகிறாள். கிணறு வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. உனக்குப் பொய் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் நான் உயிரோடு இருக்கும்வரை வருஷா வருஷம் அந்த மனு போகும், இது சத்தியம்.

உன்னை ஒருநாளும் தம்பி என்று கூப்பிடாத உன் அண்ணன்,
சீனிவாசன்